வரி கட்ட ஆசைப்பட்ட தகட்டர்

வரி கட்டவேண்டியிருக்கிறதே என்று கவலைப்படாத மனிதர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்தக் காலத்தில் ஒருவரும் இருக்கவில்லை. வரி கட்ட வழியில்லையே என்று கவலைப்பட்ட மனிதர் ஒரே ஒருவர் இருந்தார். அவர் எங்கள் தகட்டர். இதைச் சும்மா சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கிராமச் சங்கக் கந்தோரில் ஏழு வருஷம் கிளாக்கராக இருந்து, வரியிலிருந்து தப்புவதற்கு மனித மூளை எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதை நேரில் பார்த்தவன் சொல்கிறேன்.

ஊரின் பெயரை எழுதமாட்டேன். நீர்வேலியிலிருந்து வாழைக்குலை ஏற்றிய வண்டில்கள் சந்தைக்குப் போகிற வழியில் உள்ள ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை எழுதினால் நாலு பேர் வழக்கு வைப்பார்கள். மிச்சப்பேர் சாட்சி சொல்லப் போவார்கள். எனக்கு இந்த வயதில் கோட்டுக்கு அலைய முடியாது.

தகட்டரின் சொந்தப் பெயரையும் எழுதப்போவதில்லை. மாதா மாதம் சம்பளப் பட்டியலில் அதை எழுதிய எனக்கே இப்போது யோசித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் சங்கத்துக்கு வரி சேகரிப்பவர். வரி கட்டிய வண்டிலுக்கும் சைக்கிளுக்கும் நாய்க்கும் இலக்கம் வெட்டிய தகடு ஒன்று கொடுக்கவேண்டும். வண்டிலுக்கு ஆணி அடிப்பது, சைக்கிளுக்குத் திருகாணி முடுக்குவது, நாய்க்குக் கழுத்தில் கட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. தோளில் காக்கிப் பை, பைக்குள் தகடுகளும் சுத்தியலும், கக்கத்தில் குடை. அவர் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே பை கிலுங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் ஊரிலுள்ள சைக்கிள்கள் மறையும், நாய்கள் அநாதையாகிவிடும்.

சைக்கிளின் முன்சில்லைக் கழற்றிச் சாமியறைக்குள் ஒளித்துவிட்டு, "சில்லில்லாத சாமானுக்கு என்ன வரி?" என்று கேட்டவர்கள் உண்டு. முழுச் சைக்கிளையும் வைக்கற்போருக்குள் புதைத்துவிட்டு, பிறகு எந்தப் போரில் புதைத்தோம் என்று தெரியாமல் தேடியவரும் உண்டு. நாய் விஷயம் இன்னும் மோசம். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு நாய் குரைக்கும். ஆனால் எவரைக் கேட்டாலும் அது பக்கத்து வீட்டு நாய்.

ஓய்வு பெற்ற சட்டம்பியார் ஒருவர் இருந்தார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு உண்மை பேசு என்று படிப்பித்தவர். அவருடைய வாசற் படலையில் தகட்டர் போய் நின்றார்.

"ஐயா, உது ஆரின்ரை நாய்?"

"ஆருக்குத் தெரியும்? ஊர் நாய். வரும், போகும்."

"அப்ப ஏன் உங்கடை வளவுக்கை கட்டிக் கிடக்கு?"

"ஆரோ கொண்டுவந்து கட்டிப்போட்டுப் போட்டாங்கள். நானும் அதைத்தான் யோசிக்கிறன்."

தகட்டர் வாதாடவில்லை. குடையை எடுத்தார், சட்டம்பியாரின் தலையில் போடுவதுபோல ஓங்கினார். நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து அவருடைய கெண்டைக்காலைக் கவ்வியது. நாய் காலில் தொங்கத் தொங்கவே தகட்டர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "உங்களுக்காகக் கடிக்குது. அப்ப உங்கடை நாய்தான். உதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ." சட்டம்பியார் கையெழுத்தும் வைத்து, காயத்துக்கு மஞ்சளும் வைத்து அனுப்பினார்.

பிடுங்கிக்கொண்டு போவதோடு மற்ற வரி சேகரிப்பவர்களின் வேலை முடிந்துவிடும். தகட்டரின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். "வரியை வாங்கி என்னத்தைக் கிழிச்சனியள்?" என்று யாராவது கேட்டால் போதும், கையைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். "உந்தக் கிணத்துக் கட்டு சந்தைக் குத்தகைக் காசு. உந்த வளைவிலை போட்ட கல்லு வண்டில் வரி. உங்கடை வண்டிலுக்கு ஒரு முழம் வரும், வடிவாய்ப் பாருங்கோ." கேட்டவர் அந்த ஒரு முழத்தை வடிவாய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

அதனால் கரைச்சலும் வந்தது. நாய் வரியில்தான் சந்தி லாம்புக்கு மண்ணெண்ணெய் விடுகிறோம் என்று சட்டம்பியாருக்கு இவர் சொல்லிவிட்டார். மறுநாள் பின்னேரம் சட்டம்பியார் சாய்மனைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு லாம்புக்குக் கீழே வந்து குந்திவிட்டார், பேப்பர் வாசிக்க. வீட்டு லாம்பை அணைத்துவிட்டு வந்திருந்தார். அந்த வெளிச்சத்தில் தாயம் விளையாட வந்தவர்களை எழுப்பிக் கலைத்தார்.

"ஏன் ஐயா, தெரு லாம்பு தானே?"

"தெரு லாம்போ? உது என்ரை நாயின்ரை லாம்பு!"

அன்று அந்தப் பெடியன்கள் தகட்டரைத் திட்டிய திட்டை இங்கே எழுதப் பத்திரிகை ஆசிரியர் விடமாட்டார்.

இப்படி ஊருக்கெல்லாம் தெருவைப் பங்கு பிரித்துக் கொடுத்த மனிதருக்குத் தெருவில் ஒரு முழமும் இல்லை. அவருக்கு வண்டில் இல்லை, சைக்கிள் இல்லை, நாய் இல்லை. காணி இல்லை, கலியாணமும் இல்லை. வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் தமக்கையார் வீட்டின் பின் தாவாரத்தில் இருந்தார். அந்த வளவுக்கு உரிய வரியை அத்தான் கட்டிவிடுவார். ஆக, எந்தச் சட்டத்தை எப்படிப் பிரட்டிப் பார்த்தாலும் தகட்டர் சங்கத்துக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. வேறு ஆளென்றால் கோயிலில் பொங்கல் வைத்திருப்பார். இவர் தெருவால் நடப்பதை விட்டுவிட்டார்.

ஆம், உண்மையாகத்தான். கடமை நேரத்தில் தெருவில் நடப்பார், அது சங்கத்தின் நடை. கந்தோர் மணி நாலு அடித்ததும், எங்கே நிற்கிறாரோ அங்கேயே தெருவை விட்டு ஓரத்து மணலில் இறங்கிவிடுவார். நெருஞ்சி முள்ளிலும் மாட்டுச் சாணியிலும் மிதித்து வீடு போய்ச் சேருவார். சந்தைக் கிணற்றில் தண்ணீர் குடிக்கமாட்டார். லாம்பு வெளிச்சம் தன் மேல் படக்கூடாதென்று குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு சந்தியைக் கடந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தம்பி, கட்டாமல் பாவிக்கிறவனைப் பிடிக்கிறதுதான் என்ரை உத்தியோகம். நானே கட்டாமல் பாவிச்சால் எந்த முகத்தோடை போய் மற்றவன்ரை படலையைத் தட்டுறது?"

"அப்ப ஒரு தொகையைச் சங்கத்துக்குக் குடுத்துவிடுங்கோவன்."

"அது நன்கொடை. நன்கொடை குடுத்தவன் பெரிய மனிசன். வரி கட்டினவன் ஊர் மனிசன். எனக்குப் பெரிய மனிசனாக ஆசையில்லை."

நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்துகொண்டேன்.

இந்த விசரை ஊர் ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, மதகு கட்டும்வரைக்கும்.

எங்கள் ஊரை ஒரு வெள்ளவாய்க்கால் இரண்டாகப் பிரித்தது. கோடையில் அதற்குள் மாடு மேயும். மாரியில் ஆள் தாழும். அந்தப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாரி வந்தால் பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைப்பேற்றுக்காரியைக் கதிரையில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாய்க்காலுக்கு மேலால் நடந்து போக ஒரு மதகு கட்டுவதற்கு, ஊர் தன் வருமானத்திலிருந்து பாதிச் செலவைக் காட்டினால் மறுபாதியைத் தருகிறோம் என்று அரசாங்கம் சொன்னது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் தகட்டருக்குத் தூக்கமில்லை. வைக்கற்போரெல்லாம் கிளறினார். சாமியறைகளில் கும்பிடப் போவதுபோல உள்ளிட்டுச் சில்லுகளைக் கண்டுபிடித்தார். அவர் இல்லாவிட்டால் அந்த மதகு இன்றைக்கும் கடுதாசியில்தான் இருந்திருக்கும்.

மதகு கட்டி முடிந்தது. சாத்திரியார் குறித்துக் கொடுத்த நல்ல நேரம் பின்னேரம் நாலரை. அங்கேதான் பிழை நடந்தது. நாதஸ்வரம், வாழை, தோரணம், சங்கத்து அக்கிராசனர் தலைப்பாகையோடு. வாய்க்காலில் ஐப்பசித் தண்ணீர் முழங்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அக்கிராசனர் நாடாவை வெட்டி, "முதலிலை நடக்கவேண்டியவர் எங்கடை தகட்டர்" என்று மாலையும் கையுமாகத் திரும்பினார். தகட்டர் மடியிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பையைத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினார்.

மேலே மதகால் அக்கிராசனரும் ஊர்ப் பெரியவர்களும் மேளத்தோடு போக, கீழே தண்ணீரால் தகட்டர் போனார். நாதஸ்வரக்காரருக்கு எவரைப் பார்த்து ஊதுவதென்று தெரியவில்லை. அக்கிராசனர் கையிலிருந்த மாலையைக் கடைசியில் மதகுக்கே போட்டார்.

சிரித்தோம். கார்த்திகை பிறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. காலையும் பின்னேரமும் மனிதர் மதகுக்குப் பக்கத்தில் இறங்குவார். முழங்காலுக்கு நின்ற தண்ணீர் தொடைக்கு வந்தது, தொடைக்கு நின்றது இடுப்புக்கு வந்தது. இரும இரும நடப்பார். ஒருநாள் காலை தமக்கையார் கந்தோருக்கே வந்துவிட்டார்.

"கிளாக்கர் தம்பி, உவன் ஒருநாளைக்கு வெள்ளத்தோடை போகப்போறான். ராத்திரி முழுக்க இருமல். நான் பெத்த பிள்ளையள் எல்லாம் மதகாலை போகுதுகள், உவன் மட்டும் வாய்க்காலுக்கை நிக்கிறான். நான் செத்தாலும் சொல்லுக் கேளான். நீங்கள் படிச்சனியள், ஏதாவது ஒரு வழியைப் பாருங்கோ தம்பி." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

வழி பார்த்தோம். அக்கிராசனர் அவரைக் கூப்பிட்டு, "நாலு மணிக்குப் பிறகும் நீர் கடமையிலைதான் எண்டு ஒரு கடிதம் தாறன், வைச்சுக்கொள்ளும்" என்றார்.

"அப்ப மேலதிகச் சம்பளம் தரவேணும், ஐயா. நான் வீட்டை நடந்து போறதுக்கு ஊர் காசு தாறதோ?"

அக்கிராசனர் நெற்றியைத் தடவினார். அடுத்த கிழமை தம் மகனின் பழைய சைக்கிளைக் கொடுத்தார். தகட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஏறி ஓடத் தெரியாதவன் வைத்திருந்தால் அது சைக்கிள் இல்லை, வெறும் இரும்பு, இரும்புக்கு வரியில்லை என்றார். சரி, பழகுங்கோ என்றோம். தெருவில் பழகமாட்டேன் என்று பள்ளிக்கூட வளவுக்குள் பழகினார். அந்த வளவு அகலத்துக்குச் சைக்கிள் வேகம் எடுக்கும்போது வேலி வந்துவிடும். மூன்று சனிக்கிழமை கிளுவை வேலிக்குள் போய் வந்தார். நாலாவது சனிக்கிழமை பள்ளிக்கூடத்து மணியோடு மோதினார். சனிக்கிழமை வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகள் வீட்டுக்கு விட்டாயிற்றென்று நினைத்து ஓடிவிட்டார்கள். சைக்கிள் அக்கிராசனர் வீட்டுக்குத் திரும்பிப் போனது, கொஞ்சம் கோணலாக.

இந்தக் கட்டத்தில்தான் ஒரு நாய் வந்து சேர்ந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியாது. வெள்ளையில் கறுப்புப் புள்ளி, ஒரு காது மடிந்தது. காலையில் அவரோடு கந்தோருக்கு வரும், நாள் முழுக்கப் படியில் கிடக்கும், நாலு மணிக்கு அவரோடு போகும். வாய்க்காலடியில் மட்டும் பிரிவார்கள். நாய் மதகால் நடக்கும். தகட்டர் கீழே தண்ணீருக்குள் நடப்பார். நடுவில் நாய் நின்று கீழே எட்டிப் பார்க்கும். "போ, போ, நான் வாறன்" என்று இவர் கீழே இருந்து கையைக் காட்டுவார்.

இந்தக் காட்சியைப் பார்த்த அன்று ஒரு வேலை செய்தேன். இதுவரை எவருக்கும் சொன்னதில்லை. வீட்டுக்குப் போய் இடது கையால் ஒரு பெட்டிசம் எழுதினேன். 'சங்கத்தில் வரி சேகரிக்கும் மேற்படி நபர், தான் ஒரு நாயைச் சொந்தமாக வளர்த்துக்கொண்டு அதற்கு வரி செலுத்தாமல் ஊரை ஏமாற்றி வருகிறார். உடனே விசாரித்து நடவடிக்கை எடுக்கவும். இப்படிக்கு, உண்மை விரும்பி.' விடியக் கந்தோரைத் திறந்து முறைப்பாட்டுப் பெட்டிக்குள் போடப் போனேன். பெட்டிக்குள் ஏற்கெனவே ஐந்து பெட்டிசம் கிடந்தது. எல்லாம் அந்த நாயைப் பற்றித்தான். எல்லாம் மொட்டைக் கடிதம். ஏழு வருஷமாக இந்த ஊரின் மொட்டைக் கடிதங்களைக் கோவை கட்டியவன் நான், எழுத்துத் தெரியாதா? ஒன்று சட்டம்பியார், ஒன்று பாண் சுட்டு விற்கிற கடைக்காரர். ஒன்று அக்கிராசனரே.

எங்கள் ஊர் அதற்கு முன்பும் பின்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

விசாரணையன்று கந்தோர் சனம் கொள்ளவில்லை. வெளியே மழை. அக்கிராசனர் கடுமையாக முகத்தை வைத்துக்கொண்டு பெட்டிசத்தை வாசித்தார். தகட்டர் எழுந்து நின்றார். முகத்தில் இரத்தம் இல்லை.

"நானோ, ஐயா? நான் வரி கட்டாமல் ஏய்ச்சனானோ?" குரல் உடைந்துபோனது. "இந்தக் கையாலை எத்தினை நாய்க்குத் தகடு கட்டினனான்…"

அடி கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுதிய இடது கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டேன்.

முதற் சாட்சி பாண் கடைக்காரர். "முந்திக் கால் றாத்தல் பாண் வாங்குவார். நாய் வந்த நாளிலையிருந்து அரை றாத்தல்."

"எனக்கு இப்ப பசி கூட" என்றார் தகட்டர்.

அடுத்தது சட்டம்பியார். "நாய் இவரோடைதான் திரியுது. நான் கண்ணாலை கண்டனான்."

"ஊர் நாய், ஐயா. வரும், போகும்."

சபை கொல்லென்று சிரித்தது. சட்டம்பியார் முகட்டைப் பார்த்தார். மூன்றாவதாகத் தமக்கையார் எழுந்தார். தம்பியைப் பார்க்காமலே சொன்னார்: "மழை பெய்தால் அது உவன்ரை பாயிலைதான் படுக்கிறது. உவன் வெறும் நிலத்திலை படுக்கிறான்."

அக்கிராசனர் முன்னால் குனிந்தார்.

"நாய்க்குப் பேர் வைச்சிருக்கிறீரோ?"

"இல்லை ஐயா. பேர் வைச்சால் எசமானாயிடுவன் எண்டு வைக்கேல்லை."

"அப்ப எப்பிடிக் கூப்பிடுறனீர்?"

பொய் சொல்லத் தெரிந்த மனிதர் என்றால் அந்த இடத்தில் தப்பியிருக்கலாம். இவர் வாசற்படியைப் பார்த்தார். நாய் நனைந்துபோய் அங்கே குந்தியிருந்தது, இவரையே பார்த்தபடி.

"மோனை எண்டு" என்றார், மெல்ல.

எங்கள் ஊரில் பெற்ற மகனைக் கூப்பிடுகிற சொல் அது. அக்கிராசனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். "மோனை எண்டு கூப்பிட்டுக்கொண்டு, என்ரை நாயில்லை எண்டு சபையிலை சொல்லுறீர். குற்றம் தெளிவாயிருக்கு. இந்த வருஷத்து நாய் வரியை இண்டைக்கே கட்டும்."

விஷயம் மெல்ல மெல்லத்தான் தகட்டருக்குள் இறங்கியது. பிறகு மடியை அவிழ்த்தார்.

"தண்டம், ஐயா?"

"என்ன தண்டம்?"

"பிந்திக் கட்டினால் தண்டம் இருக்கு. நான் ஊரிலை எல்லாரிட்டையும் வாங்கினனான். என்னட்டை மட்டும் ஏன் விடுறியள்?"

தண்டமும் வாங்கினோம். தனக்குத் தானே பற்றுச்சீட்டு எழுதக்கூடாது என்பதால் நான் எழுதிக் கொடுத்தேன். அதை மூன்று தரம் வாசித்தார். தன் பையிலிருந்தே ஒரு தகட்டை எடுத்து வாசற்படியில் குந்தினார். ஊரில் எந்த நாய்க்கும் ஒரு நொடியில் தகடு கட்டுகிற மனிதர், அன்றைக்கு முடிச்சைப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். தமக்கையார் வந்து கட்டிவிட்டார்.

மணி அப்போது நாலரை தாண்டிவிட்டது. தகட்டர் எழுந்து முற்றத்தைக் கடந்தார். தெருக்கரையில் நின்று ஒரு காலைத் தூக்கி வைத்துப் பார்த்தார். பிறகு மற்றக் காலையும் வைத்தார். நடுத்தெருவால் நடந்தார், பக்கத்தில் நாய். எங்கள் ஒருவருக்கும் அந்தப்பக்கம் ஒரு வேலையும் இல்லை. எல்லோரும் ஏதோ அலுவலாகப் போகிறவர்கள் மாதிரிப் பின்னால் போனோம், சட்டம்பியார், பாண் கடைக்காரர், அக்கிராசனர் தலைப்பாகை நனைய நனைய.

மதகின் நடுவில் போய் நின்றார். விளிம்பில் கையை ஊன்றிக் கீழே பார்த்தார். மண்ணிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது.

"அக்கா," என்றார், "உவ்வளவு தண்ணிக்குள்ளையோ நான் நடந்தனான்?"

தமக்கையார் சிரித்துக்கொண்டே அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நல்லவேளை, மழையில் எவருக்கும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வாழைக்குலை வண்டில் ஒன்று பின்னால் வந்து சேர்ந்தது. பாதையை அடைத்துக்கொண்டு நிற்பது யாரென்று வண்டிற்காரர் எட்டிப் பார்த்தார். ஊரில் வாய்க்குப் பேர்போனவர் அவர், திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கயிற்றை இழுத்து மாடுகளை நிறுத்தினார்.

"ஆறுதலாய் நில்லுங்கோ அண்ணை," என்றார். "உங்கடை மதகுதானே."

தகட்டர் இன்னும் கொஞ்சநேரம் நின்றார். நாங்கள் எல்லோரும் மழையில் நின்றோம்.